சுருங்காத குல்லா

என் செல்லத் தலைவருக்கு, என் தம்பி ராசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருந்தால், "யக்கா, போன்ல சொல்ல வேண்டியத எதுக்கு இம்புட்டுப் பந்தாவா எழுதுற?" என்று கேட்டிருப்பாய். இப்போது போனில் பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். எனக்கும் வேறு வழியில்லை.

நம்ம எஸ்டேட் லயத்து வீடுகளில் யாருமே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் பெரிய தலையைப் பார்த்துத் தலைவர் என்று கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். நீ அதைப் பதவி போல ஏற்றுக்கொண்டாய். மாட்டுப்பட்டி அணையோரம் சோளக்கதிர் வேகவைத்து விற்றபோது, சுற்றுலா வந்தவர்களிடமே "தலைவர் கடைக்கு வாங்க" என்று கூவினாய். எனக்கு நீ வைத்த பெயர் சிஐடி. தராசு முள்ளை எட்டிப் பார்ப்பவள், சொன்ன பதிலையே திரும்பக் கேட்பவள் என்பதால் வைத்தாய். அந்தப் பெயர் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது.

கட்டிக் கொடுத்த ஊரான சக்குபள்ளத்தில் எனக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. காய்ந்து வரும் காயைப் பலகையில் பரப்பிப் பொறுக்க வேண்டும். பச்சையாய்ப் பளபளக்கிற காய்களுக்கு நடுவே பூச்சி துளைத்தது ஒன்று ஒளிந்திருக்கும். நல்ல காயைப் பார்த்தாலும் இவ்வளவு நன்றாக ஏன் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். சந்தேகப்படுவதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

முக்கியமான சேதியைச் சொல்லவில்லையே. நீ மாமன் ஆகிவிட்டாய்டா. பையன் பிறந்திருக்கிறான், பெயர் தர்ஷன். ராசு என்று வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அத்தை, அதான் என் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிறுவயதில் போனவன் பெயர் வேண்டாம் என்று உன் மச்சானிடம் அடுப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது. மச்சானும் சரி என்றுவிட்டார்.

இங்கே மழை பிடித்தால் நம்ம எஸ்டேட்டைப் போலத்தான். வெளியில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் எல்லாம் தொங்கும். பச்சைப் பிள்ளையைக் குல்லா இல்லாமல் வாசல் வரைக்கும்கூட யாரும் எடுத்துப் போகமாட்டார்கள். பிறந்ததிலிருந்து தர்ஷன் தலையில் குல்லா. பாலுக்குக் குல்லா, தூக்கத்துக்குக் குல்லா. அதைக் கழற்றுவது குளிக்கும்போது மட்டும். குளிப்பாட்டுவது அத்தையின் வேலை, அதில் எனக்குப் பங்கு கிடையாது.

குல்லாவை நான்தான் பின்னினேன், அம்மாவிடம் கற்றுக்கொண்ட மாதிரியே. பின்னி முடித்து நனைத்துப் பிழிந்து, கவிழ்த்து வைத்த செம்பின் மேல் மாட்டிக் காயவைத்தால் தலை வடிவம் வந்துவிடும். அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த பித்தளைச் செம்புதான். உனக்கும் எனக்கும் குல்லாக்கள் காய்ந்த அதே செம்பு.

முதல் குல்லா சீக்கிரமே இறுகியது. பிள்ளை வளர்கிறான் என்று நினைத்து அடுத்ததைக் கொஞ்சம் தாராளமாகப் பின்னினேன். அதுவும் இறுகியது. மூன்றாவதைக் கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"இதுவும் இறுக்குதே அத்தை."

"அடுப்புக்கு மேல போட்டா நூலு சுருங்காம என்னடி செய்யும்? அனல்லயே கெடக்குல்ல."

"சுருங்குனா ஒண்ணு சுருங்கும். மூணுமா சுருங்கும்?"

"மூணும் ஒரே அடுப்புலதான காயுது."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆகாததே அதுதான்டா, உடனே வந்து விழுகிற நியாயமான பதில். உன் மச்சானிடம் போனேன். கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க வம்சத்துக்கே பெரிய மண்டைதான் செல்வி. எங்கப்பாவப் பாத்ததில்லையா நீ" என்றார். எங்கே பார்ப்பது? மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். சுவரில் மாட்டியிருந்த படத்தை நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். உருமா கட்டியிருந்தார். உருமாவுக்குள் எவ்வளவு தலை, எவ்வளவு துணி என்று யார் கண்டது?

அத்தை கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்றாவது குல்லாவை எடுத்துச் செம்பின் மேல் மாட்டினேன். பின்னிய அன்று எப்படி இறங்கியதோ அப்படியே இறங்கியது. தாராளமாக இருக்கட்டும் என்று விட்டிருந்த இரண்டு விரல் இடமும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. முந்தைய இரண்டையும் தேடி எடுத்து மாட்டினேன். எதுவும் சுருங்கவில்லை ராசு. நூல்மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுப்படியில் அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் இவ்வளவு வேகமாகப் பெருப்பது தலைதான்.

செம்பைக் காட்டி, டாக்டரைப் பார்க்கலாம் என்று மச்சானிடம் சொன்னேன். சிரித்தார். "குல்லாவ வச்சு டாக்டர்கிட்டப் போனா அவரு நம்மளத்தான் பாப்பாரு" என்றார். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்கள். வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிறவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று அதையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் லீவு. அத்தை காலில் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெந்நீர் ஊற்றினேன். குல்லா இல்லாத அவன் தலையை வெளிச்சத்தில் அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். நெற்றி முன்னால் தள்ளியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் இறுகிக்கொண்டன.

"குளிரு வெட்டிருச்சு, துண்ட எடு" என்றார்கள் அத்தை.

வெந்நீரில் என்ன குளிர்? எனக்கு அந்தக் கையைத் தெரியும் ராசு. அது உன் கை.

சோளக்கதிரை நீட்டிக்கொண்டே பாதிப் பேச்சில் நின்றுவிடுவாயே. கண் ஒரு பக்கம் போகும், கட்டை விரல் உள்ளே மடங்கும், அப்புறம் சாய்வாய். அம்மா ஓடிவந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கூட்டம் கூடினால், "ஒண்ணுமில்ல, வெயில்ல நின்னான், மயக்கம்" என்பார்கள். மாட்டுப்பட்டியில் ஏதுடா வெயில்? பனிக்குல்லா போட்டுக்கொண்டு வெயிலில் மயங்கியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அப்போதே கேட்டேன். "வாய மூடுறியா நீ" என்று அம்மா அதட்டினார்கள். அம்மா அப்படி அதட்டியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பிள்ளைக்கு இழுப்பு நின்றதும் துண்டோடு தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டேன். மந்திரிக்கலாம் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், பிள்ளையின் கையைப் பார்த்தார், சாவியைப் போட்டார். குமுளி வழியாகக் கோட்டயம் போனோம். அத்தையும் ஏறி வந்திருந்தார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்றும் யோசித்துக்கொண்டே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மலையாளமும் தமிழுமாகப் பேசினார். முதலில் டேப்பை எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி அளந்தார். ஒரு முறை அளந்துவிட்டு மறுபடியும் அளந்தார். திரும்பவும் அளந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"வீட்டுல வேற ஆருக்காவது இதுபோல பெரிய தலை உண்டோ? ஃபிட்ஸ் வந்தவங்க உண்டோ? அம்மாவோட வீட்டுல?"

"எங்கப்பாவுக்குப் பெரிய மண்டைங்க டாக்டர்" என்றார் மச்சான்.

"அச்சனோட, அப்பாவோட வீட்டுல தலை பெருசா இருந்தா குட்டிக்கும் இருக்கும். அது சீக்கு இல்ல, பயப்பட வேண்டா. ஆனா இந்தத் தலை வேகமா வளருது, கூட ஃபிட்ஸும் வருது. ரெண்டும் சேர்ந்து வந்தா உள்ள என்னன்னு நோக்கியே ஆகணும்."

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அத்தையின் பார்வை என் கன்னத்தில் சுட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள வராந்தாவிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வலிப்பா? நம்ம குடும்பத்துல யாருக்கு வலிப்பு? அவனுக்கு மயக்கந்தான்" என்றார்கள்.

பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றேன்.  அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அம்மாவின்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு நடுவில் ஓட வேண்டிய நீர் வழியடைத்துத் தேங்கி நின்றது. தேங்கத் தேங்க மண்டையோட்டைத் தள்ளியிருக்கிறது. பச்சைப் பிள்ளையின் எலும்பு இன்னும் ஒட்டாததால் தலை விலகி இடம் கொடுத்திருக்கிறது. நாங்கள் அதற்குப் புதுப்புதுக் குல்லா பின்னிக் கொடுத்திருக்கிறோம்.

"அந்தத் தண்ணியாலதான் வலிப்பு வருதா டாக்டர்?"

"அழுத்தத்தால வரலாம். அல்லது மூளை உண்டாகும்போதே ஒரு குறை இருந்து, அதனாலயே தண்ணியும் ஃபிட்ஸும் தனித்தனியா வரலாம். இப்ப தீர்த்துச் சொல்ல முடியாது. தண்ணி இறங்கினாலும் ஃபிட்ஸுக்கு மருந்து வேணும்."

அடித்துச் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். தெரியாது என்றதால் நம்பினேன். தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைத்து நீரை வடிக்க வேண்டும் என்றார். மச்சான் கையெழுத்துப் போட்டார். 

மறுநாள் அம்மா வந்துவிட்டார்கள், மூணாறிலிருந்து பஸ் மாறி மாறி. கையில் ஒரு துணிப்பை. வார்டுக்குள் வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். பையிலிருந்து ஒரு பழைய குல்லாவை எடுத்து அவன் தலையில் மாட்டினார்கள். நீலமும் மஞ்சளும் கலந்தது. உனக்கு ஞாபகம் இருக்குமே. ஒன்றாம் வகுப்புக்கு நீ போட்டுக்கொண்டு போன குல்லா. இன்னும் நிற்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு அது சரியாக இருந்தது.

"செம்புல போட்டா உன் தம்பிக்குப் பத்தாதுன்னு பால் சட்டில போட்டேன். பெறகு அதுவும் பத்தல, இட்லிச் சட்டில போட்டேன்" என்றார்கள் அம்மா. "நூலு சுருங்குதுன்னுதான் நானும் நெனச்சேன் தாயி."

"பாத்திரத்த மாத்திக்கிட்டே போனியேம்மா. அப்பக்கூடவா தெரியல?"

அம்மா தரையைப் பார்த்தார்கள். "தலையப் பத்தித் தெரியல. பெரிய மண்டை, படிப்பு வரும்னு வாத்தியாரே சொன்னாரு. வலிப்பு தெரியும். உன்னையப் பொண்ணு கேட்டு வந்துக்கிட்டு இருந்தாக. வலிப்புன்னு ஒரு சொல்லு வெளிய போனா யாரு வந்து கட்டுவாக? அதான் மயக்கம்னு சொன்னேன். அவனும் சரின்னுட்டான்."

அவனும் சரி என்றானாம். இது எனக்குத் தெரியாதுடா.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டிய நேரத்தில் நீ மேடையில் இல்லை. சித்தப்பா மகன் போட்டான். பிறகு தேடி வந்தால் சமையல்கட்டில் இருந்தாய். "சாம்பாரு அடிப்பிடிக்குதான்னு பாக்கச் சொல்லியிருக்காக யக்கா, பெரிய பொறுப்பு" என்றாய். அன்றே எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் உன் சிரிப்பைப் பார்த்து விட்டுவிட்டேன். மாலையும் கையுமாய் மேடையில் விழுந்துவிடுவாயோ என்று உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். என் வாழ்க்கைக்காக நீ உன் வலிப்பை ஒளித்துக்கொண்டாய். எனக்கு அது வேண்டியிருந்ததா என்று என்னிடம் ஏன்டா கேட்கவில்லை? கேட்டிருந்தால் உன்னையும் இழுத்துக்கொண்டு இதே வராந்தாவுக்கு வந்திருப்பேனே.

அம்மா பேசியதெல்லாம் அத்தை காதில் விழுந்துவிட்டது. பெண் கொடுத்தபோது மறைத்தீர்களே என்று வெடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். அவர்கள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

"உச்சியில எண்ணெ வைக்கயில குழியா இருக்கணும் மதினி. இவனுக்கு மேடா தெறிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். சொன்னா பிள்ளைக்குச் சீக்குன்னு ஆயிருமேன்னு பயம். நூலுன்னே சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஆக, எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. நம்ம அம்மா கையில் பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போனது. என் அத்தை விரலுக்குக் குழி மேடாகியது. ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு பழியை மட்டும் நூல்மேல் போட்டோம். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் எல்லோரும் சமாதானமாக இருந்திருக்கிறோம். என்னைத்தான் சந்தேகப் பிராணி என்றார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நம்ம எஸ்டேட் ஓடையில் நீ வழுக்கி விழுந்துதான் செத்தாய் என்று சொன்னார்கள். பாசிக்கல் என்றார்கள். அந்தக் கல் ஒவ்வொன்றும் உனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு நீ அக்கரைக்குப் போய் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் நீ வழுக்கினாயா, இல்லை உன் கட்டை விரல் மடங்கியதா? டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "பார்க்காம சொல்ல முடியாது" என்றார். பார்த்தவர்கள் யாரும் இல்லை. உன்னைத் தூக்கி வந்தபோது கை மூடியிருந்தது என்று கங்காணி சொன்ன ஞாபகம். தண்ணீரில் போனவன் கை மூடித்தான் இருக்கும் என்றும் யாரோ சொன்னார்கள். நீயே வந்து சொன்னால்தான் உண்டு.

உனக்கு ஏன் வந்தது, இவனுக்கு ஏன் வந்தது, அம்மா வழியாக என் வழியாக வந்ததா என்று ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தாய் வழியில் வருவதும் உண்டு, எல்லாம் அப்படியில்லை என்றார் டாக்டர். முடிவு வரவில்லை. வந்தாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சின்னதாக ஒரு மேடு தெரிகிறது. வலிப்பு மருந்து காலையும் மாலையும். அத்தைதான் கொடுக்கிறார்கள். கொடுத்ததை என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூடியைப் போடுகிறார்கள். வந்த பிறகு ஒரு தரம் கண் இழுத்தது. கையில் சாவி கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தோம். நின்றுவிட்டது. சாவிக்கொத்தை அத்தை ஆணியில் மாட்டிவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

குழாய் அடைத்துக்கொள்ளலாமாம். காரணமில்லாமல் வாந்தி எடுத்தாலும், ஓயாமல் தூங்கினாலும், உச்சி மேடாகத் தெறித்தாலும், "சம்சயம் வந்தா உடனே வரணும், வெறுதே சும்மா வீட்டுல இருக்கக் கூடாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மச்சானைப் பார்த்தேன். இப்போது என் சந்தேகத்துக்கு டாக்டர் சீட்டு இருக்கிறது. ஆனாலும் நிம்மதி இல்லைடா. அவன் விரலைச் சூப்பக் கட்டை விரலை மடக்கினால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பச்சை நூலில் ஒரு குல்லா பின்னினேன். செம்பு பத்தாது என்று பால் சட்டியில்தான் மாட்டினேன். மழை விடவேயில்லை. துவைத்துத் துவைத்து அடுப்புக்கு மேலேயே காய்ந்தது. இன்று காலை அதை எடுத்து அவன் தலையில் மாட்டினேன். இறுகவில்லை. நெற்றியில் கோடு இல்லை.

எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? நூல் தளர்ந்துவிட்டது.

குல்லாவைக் கழற்றிப் பால் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டினேன். அத்தை மருந்து பாட்டிலும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னிய அன்று நின்ற இடத்தில் நின்றது. தளரவில்லை. தலைதான் அப்படிப் பெருப்பதை நிறுத்தியிருக்கிறது. அத்தையும் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார்கள். "சரியாத்தான இருக்கு" என்றார்கள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதோம். உனக்கும் சேர்த்துத்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் ராசு. இந்த வீட்டில் இனி எந்தக் குல்லா இறுகினாலும் முதலில் தலையைப் பார்ப்போம். தர்ஷனுக்கு வலிப்பு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வேன், பக்கத்து வீட்டில் சொல்வேன், நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் அங்கேயும் சொல்வேன். உன்னைப் பற்றிக் கேட்டால் வெயில் என்று சொல்லமாட்டேன். எந்தக் கல்யாணத்திலும் அவனைச் சமையல்கட்டில் உட்கார விடமாட்டேன். மாலையைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்துவேன், பக்கத்திலேயே நானும் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் சிஐடி, உன்னோடு செம்பைப் பங்கு போட்ட அக்கா,
செல்வி